அசையும் சித்திரமும் அசையாத முயற்சியும்

(எமது சங்கத்தின் வாணி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று காலை இம்மண்டபத்திலே சிறுவர் பலருக்கு ஏடு தொடக்கியதை நாம் அனைவரும் கண்டோம். தட்டிலே பச்சையரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் பிஞ்சு விரலைத் தம் கைக்குள் பிடித்து அகரத்தை எழுதுவித்தார் பெரியவர். எழுத்தைக் காட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை, கையைப் பிடித்தார். இன்று மாலை நாம் பேச எடுத்துக்கொண்ட விடயமோ, கையைப் பிடிக்காத ஒரு குருவைப் பற்றியது. இணையவழிப் பாடத்தின் மூலம் அனிமேஷன் என்னும் அசைவூட்டக் கலையைக் கற்கப் புகுந்த எமது அனுபவத்தையே சொல்ல விழைகின்றோம்.

அசைவூட்டம் என்பது கண்ணுக்குக் காட்டும் ஓர் இனிய மாயமாகும். சற்றுச் சற்று வேறுபட்ட சித்திரங்களை ஒரு விநாடிக்கு 24 வீதம் ஓடவிட்டால், கண் அவற்றைத் தனித்தனியே காணாது. ஓர் அசைவாகவே காணும். வால்ட் டிஸ்னியின் கலைஞர்கள் 1937ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்நோ வைட்' படத்துக்கு அச்சித்திரங்களைக் கையாலேயே வரைந்தார்கள். 1995ஆம் ஆண்டில் 'டொய் ஸ்டோரி' முழுவதும் கணினியாலே ஆக்கப்பெற்ற முதல் நெடும்படமாக வெளிவந்தது. அந்நாளில் அத்தகைய கருவிகள் பெரும் படக்கூடங்களுக்கே உரியனவாக இருந்தன. எம்மனோர் அவற்றைக் கனவிலும் தொட்டிருக்க இயலாது.

இன்றோ நிலை வேறு. பிளெண்டர் என்னும் மென்பொருளின் வரலாற்றைக் கேளுங்கள். அதனை ஆக்கியவர் டொன் ரூசென்டால் என்னும் ஒல்லாந்தர். அதனை விற்று வந்த கம்பனி 2002ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் அம்மென்பொருளை உலகுக்கே பொதுவாக்கலாம் என்று முதலீட்டாளர் இசைந்தனர். பயன்படுத்தி வந்தவர்களும் அன்பர்களும் ஏழே வாரங்களில் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தனர். ஊர் கூடித் தேர் இழுத்த கதையன்றோ இது! அன்று தொடக்கம் அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். அக்கருவியைக் கொண்டு லத்வியா நாட்டவரான கின்ட்ஸ் சில்பலோடிஸ் ஆக்கிய 'ஃப்ளோ' என்னும் படம் 2025ஆம் ஆண்டில் ஒஸ்கார் பரிசைப் பெற்றது. வெள்ளத்தில் அகப்பட்ட பூனையொன்றின் கதை அது. படம் முழுவதிலும் ஒரு பேச்சும் இல்லை. பெரும் படக்கூடங்களிடம் உள்ள அதே பரிசு, எமது மேசையிலும் இருக்கக்கூடிய கருவிக்குக் கிடைத்தது. ஆதலின், விலை கொடுக்க இயலாத மென்பொருளைத் திருட்டுப் பிரதியாக எடுத்து ஆளுவதற்கு இனி எமக்கு ஒரு நியாயமும் இல்லை.

கருவி கிடைத்தது. பாடங்களும் கிடைக்கின்றன. கான் அக்கடமியும் பிக்ஸார் நிறுவனமும் சேர்ந்து 2015ஆம் ஆண்டில் தொடங்கிய பாடத்தொடர் போல, பணம் கேளாத நல்ல பாடங்கள் பல உள. கதவு திறந்தேயிருக்கிறது. இருந்தும் உள்ளே செல்வோர் ஏன் சிலரேயாயினர்?

இது எமக்கு மட்டும் உரிய குறையன்று. ஹாவார்ட், எம்.ஐ.டி. ஆகிய இரு பெரும் கல்வி நிலையங்கள் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, 2017-18இல் அவற்றிற் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய மூவரே பாடத்தை நிறைவு செய்தனர் என்று காட்டிற்று.

எம் கதையும் அதுவே. சங்க நூல்நிலையத்தின் பின்னறையிலே இரண்டு மடிக்கணினிகளோடு நாம் ஏழு பேர் தொடங்கினோம். பாடங்களைப் பார்த்தோம், மேலும் பார்த்தோம். ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்தினால் நாமும் அழுத்தினோம். அவர் திரையில் வந்தது எம் திரையிலும் வந்தது. கற்றுவிட்டோம் என்று மகிழ்ந்தோம். மூன்று மாதம் சென்றபின், "பாடத்தை மூடிவிட்டு, ஒரு பந்து தரையில் விழுந்து எழும்புவதைச் செய்து காட்டுங்கள்" என்றார் எம்முள் ஒருவர். ஒருவராலும் இயலவில்லை!

வெட்கத்தோடு முயன்றோம். பந்து மேலே நிற்கும் நிலை, தரையைத் தொடும் நிலை, மீண்டும் மேலே வரும் நிலை என்று மூன்று நிலைகளைக் குறித்தோம். இடையிலுள்ளவற்றைக் கணினி தானே நிரப்பிற்று. ஓடவிட்டுப் பார்த்தால், பந்து இறகுபோல மெல்ல வந்து தரையில் அமர்ந்து, மெல்ல எழும்பியது. மென்பொருளிற் பிழையோ என்று எண்ணினோம். பிழை அதனிடம் இல்லை. நாம் பந்தைப் பார்த்ததே இல்லை!

அன்று மாலை கோயில் வீதியிலே சிறுவர் பந்தடித்து விளையாடுவதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்த்தோம். உச்சியிலே பந்து தயங்குகின்றது. கீழே வர வர விரைகின்றது. தரையில் ஒரு கணமும் தங்காது திரும்புகின்றது. விழும் பொருள் முதற் கணத்தில் ஒரு பங்கு தூரம் சென்றால், அடுத்தடுத்த சம கணங்களில் 3, 5, 7 பங்கு தூரம் செல்லும் என்று கலிலியோ கண்டதைப் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்திருந்தோம். கண்ணாற் கண்டது அன்றுதான். கணினி அசைவை ஒரு வளைகோடாகக் காட்டும். பந்து தரையைத் தொடும் இடத்தில் அக்கோடு கிண்ணத்தின் அடிபோல உருண்டிருந்தது. அதனைக் கத்திமுனை போலக் கூராக்கினோம். பந்து துள்ளிற்று! அந்த அறையில் எழுந்த ஆரவாரத்தை இன்றும் மறவோம்.

டிஸ்னியின் கலைஞர்களான பிராங்க் தோமஸ், ஒல்லி ஜோன்ஸ்டன் ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அசைவூட்டத்துக்குப் பன்னிரண்டு விதிகளைத் தொகுத்துக் கூறினர். கையால் வரைந்த காலத்து விதிகளாயினும் கணினிப் பாடங்களிலும் அவையே நிற்கின்றன. கருவிகளோ நில்லா. ஒரு காலத்தில் இணையமெங்கும் ஆட்சி செய்த பிளாஷ் படங்களை ஓட்டிய மென்பொருளுக்கு 2020ஆம் ஆண்டு இறுதியோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. பொத்தான்களை மட்டும் கற்றவர் பொத்தான்களோடு போவார். பந்தைப் பார்க்கக் கற்றவர் எந்தக் கருவியைக் கொண்டும் பிழைப்பார்.

இனி, சொல்ல மனம் நோகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுவருள் சித்திரம் தீட்டுவதில் மிக வல்லவர் ஒருவர் இருந்தார். தேர்ச் சிற்பங்களை ஒரு நாழிகையிற் கரித்துண்டால் வரைந்துவிடுவார். அவர் வீட்டிலே தனியாக ஒரு பாடத்தைப் பயின்று வந்தார். ஆசிரியர், சுட்டியின் வலப் பொத்தானை அழுத்திப் பொருளைத் தெரிவு செய்யச் சொன்னார். இவர் அழுத்தினால் வேறு ஏதோ பட்டியல் தோன்றிற்று. ஆசிரியரின் திரையும் இவரது திரையும் ஒத்திருக்கவில்லை. பல இரவுகள் முயன்றபின், "இது மூளையுள்ளவர்களுக்கு உரியது, எனக்கு வராது" என்று சொல்லி நின்றுவிட்டார்.

உண்மை யாதெனில், அவர் பார்த்தது பழைய பாடம். பிளெண்டரின் 2.8ஆம் பதிப்பு 2019ஆம் ஆண்டில் வந்தபோது, தெரிவு செய்யும் பொத்தான் வலத்திலிருந்து இடத்துக்கு மாறிற்று. திரையின் தோற்றமும் மாறிற்று. பாடம் எந்தப் பதிப்புக்கு உரியது என்று பார்க்கும்படி ஒரு சொல் சொல்ல அருகில் ஒருவர் இருந்திருந்தால் போதும். நாம் இருக்கவில்லை. ஒரு பொத்தானின் மாற்றத்தை அவர் தம் அறிவின் குறையென்று நம்பிவிட்டார். அது அவர் பிழையன்று, எம் பிழை.

ஆதலால், புதிதாகத் தொடங்கும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பாடத்தின் பதிப்பை முதலிற் பாருங்கள். ஒரு பாடத்தைப் பார்த்தால் அதனை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து செய்து பாருங்கள். செய்ய இயலாதவிடத்து அடுத்த பாடத்துக்குச் செல்லாதீர்கள். பெரும் படத்தைக் கனவு காணுமுன் பத்து விநாடிப் படம் ஒன்றை முடித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே கற்காதீர்கள்.

வாரந்தோறும் ஞாயிறு மாலையில் அப்பின்னறை இனித் திறந்திருக்கும். இப்பொழுது நாம் மூவரே எஞ்சியுள்ளோம். நின்றுவிட்ட அந்நண்பரின் வீட்டுக்கு நாளைக் காலை சென்று அவரை அழைத்துவர முடிவு செய்துள்ளோம். நாம் அவருக்குப் பொத்தான்களைக் காட்டுவோம். கோடு இழுக்க அவர் எமக்குக் காட்டுவார்.

திரையிலுள்ள குரு நல்லவர், அறிவுள்ளவர், எத்தனை முறை கேட்டாலும் சலியாது சொல்லுபவர். ஆயின் அவருக்குக் கை இல்லை. பச்சையரிசித் தட்டின் முன்னே எமது விரலை ஒருவர் பிடித்தார். அப்பேறு பெற்ற நாம், மற்றவர் கையைப் பிடிக்கக் கடமைப்பட்டவர்கள். கலைவாணி அதற்கு அருள் புரிவாளாக.