கரிச்சட்டியை வெளியே வையுங்கள்



டிசம்பர் வந்தாச்சு. தலைக்குந்தா பக்கம் புல்லு மேல உப்பு கொட்டினாப்பல உறைபனி. வீட்டுக்குள்ளே 18 டிகிரியாவது இருக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் அது நடக்கிற காரியமா? அதனால்தான் சட்டியில் கரி போட்டு, கதவைச் சாத்தி, பக்கத்திலேயே பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம்.

புகை அடங்கி, கரி சிவந்து கனிந்துவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறோம். அப்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டுதான் இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துவிடும். முழித்திருந்தால் தலைவலி, குமட்டல் தெரியும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. நம்ம நீலகிரியிலேயே இப்படி உயிர் போயிருக்கு.

சாயங்காலம் கதவைத் திறந்து வைத்துக் குளிர் காயுங்கள். படுக்கும் முன்னே சட்டி வெளியே போகணும், 'நல்ல கரி வீணாகுதே'ன்னு மாமியார் சொன்னாலும் சரி. அதற்கப்புறம் கதவிடுக்கில் சாக்கு வையுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கம்பளிக்குள் வையுங்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: கம்பளி வாங்க உள்கடன் கேட்டால் மறுக்கக் கூடாதுன்னு இந்த மாதக் கூட்டத்திலேயே எல்லாக் குழுவும் தீர்மானம் எழுதணும்.