குற்ற உணர்வை இறக்கி வையுங்கள், புகார் மனுவைக் கையில் எடுங்கள்



இந்தக் கூட்டத்தை விழுப்புரத்தில்தான் நடத்த வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். இதே மாவட்டத்தில்தான் குண்டலப்புலியூர் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அங்கிருந்த அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகளும் போலீசாரும் நுழைந்தார்கள். ஆதரவற்றவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், முதியவர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். அடித்தார்கள், கட்டி வைத்தார்கள், பெண்களை வன்கொடுமை செய்தார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை என்று புகார்கள் குவிந்தன. நிர்வாகிகள் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

நான் கேட்பது வேறு. அந்தக் கதவு எப்படித் திறந்தது? ஏதாவது ஒரு துறை வழக்கமான ஆய்வுக்குப் போய்த் திறந்ததா? இல்லை! அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரை அவருடைய உறவினர் தேடி வந்தார். வேறு ஊரில் உள்ள இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். அங்கே விசாரித்தால் ஆள் இல்லை. உறவினர் விடவில்லை. போலீசுக்குப் போனார்கள், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒரு குடும்பம் கேட்ட கேள்விதான், தோழர்களே, அத்தனை பேரை வெளியே கொண்டுவந்தது.

அப்படியானால் மற்ற குடும்பங்கள் ஏன் கேட்பதில்லை? அம்மாவின் முதுகில் புண்ணைப் பார்த்தும், அப்பாவின் கையில் கன்றிப்போன தடத்தைப் பார்த்தும், ஏன் தலையைக் குனிந்துகொண்டு திரும்புகிறோம்? வெட்கம்! "பெத்தவங்களைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டாங்க" என்று நாலு பேர் பேசுவார்களே என்ற வெட்கம். புகார் கொடுத்தால் முதல் கேள்வி நம்மை நோக்கித்தானே வரும் என்ற பயம். இது இல்லம் நடத்துகிறவருக்கு நன்றாகத் தெரியும். "நீங்கதானே கொண்டுவந்து விட்டீங்க, பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போங்க" என்று அவர் சொல்வது அந்தத் தைரியத்தில்தான். நம்முடைய குற்ற உணர்வே அவருக்குக் கவசம்.

நான் சொல்கிறேன், அந்தக் கவசத்தைப் பிடுங்குங்கள். வேலைக்காக வெளியூர் போன மகனும், தானே நோயாளியாகிவிட்ட மகளும், இரவு பகலாக ஆள் தேவைப்படும் தாயை ஓர் இல்லத்தில் சேர்ப்பது குற்றமல்ல. பணம் வாங்கிக்கொண்டு அந்தத் தாயைப் பட்டினி போடுவதுதான் குற்றம். தூக்க மாத்திரை கொடுத்து நாள் முழுக்கப் படுக்க வைப்பதுதான் குற்றம். எல்லா இல்லமும் கொடுமைக்கூடம் என்று நான் சொல்லவில்லை. நல்ல இல்லங்களை எனக்குத் தெரியும். சொற்பச் சம்பளத்துக்கு ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் ஆயாக்களுக்குக் கைகூப்புகிறேன். ஆனால் சேவை என்று பலகை மாட்டிவிட்டால் கேள்வி கேட்கக் கூடாது என்கிறார்களே, அதை நான் ஏற்கமாட்டேன்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் காயப்படுத்தினால் 115ஆவது பிரிவு, அடைத்து வைத்தால் 127ஆவது பிரிவு, அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆவது பிரிவு. பலருக்குத் தெரியாத ஒன்று 357ஆவது பிரிவு. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே கைவிட்டால் அது குற்றம். கட்டண ரசீதும் சேர்க்கைப் படிவமும் அந்த ஒப்பந்தத்துக்குச் சாட்சி.

இன்னொன்று, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பக்கவாதத்தால் படுத்தவரும் பார்க்கின்சன் நோயாளியும் அதன் பாதுகாப்புக்குள் வரமுடியும். மாற்றுத்திறனாளியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, தெரிந்தே சோறும் தண்ணீரும் மறுப்பவருக்கு 92ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மனநலம் பாதிக்கப்பட்டவரைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

போலீசில் எங்கள் எல்லை இல்லை என்பார்கள். நம்பாதீர்கள். எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டணம் வாங்கியவர் சேவையில் குறை வைத்தால் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. கடைசிவரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டார்களா? பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்தால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். முதியோர் உதவிக்கு 14567.

ஆனால் வழக்கு நிற்பது ஆதாரத்தில். புண்ணைப் பார்த்ததும் அழுதுவிட்டு வராதீர்கள், தேதியோடு போட்டோ எடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பிலும் குதிகாலிலும் ஆழமான படுக்கைப் புண் இருந்தால், புரட்டினீர்களா, அதற்குக் குறிப்பேடு எங்கே என்று கேளுங்கள். என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது என்று சீட்டைக் கேளுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். இறப்பில் சந்தேகம் இருந்தால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தகனத்தை நிறுத்துங்கள். போலீசுக்குச் சொல்லிப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். எரித்த பிறகு எந்தச் சட்டத்துக்கும் கையில் எதுவும் மிஞ்சாது.

இனி ஆட்சியாளர்களிடம் வருகிறேன். ஒரு செல்போனைத் திருடினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பேற்ற முதியவரைப் பராமரிக்காமல் விட்டால், நான் சொன்ன அந்த 357ஆவது பிரிவில் எவ்வளவு? அதிகபட்சம் மூன்று மாதம் சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! மூத்த குடிமக்களைக் கைவிடுவோருக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருப்பதும் அதே மூன்று மாதம், அதே ஐயாயிரம்தான். நம் பெற்றோரின் உயிருக்கு இந்த நாடு போட்ட விலை இதுதானா?

அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திருத்தம் வராமல் இல்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. முதியோர் இல்லங்களுக்குப் பதிவு, குறைந்தபட்சத் தரம், கொடுமை என்றால் என்ன என்பதற்கு வரையறை, எல்லாம் அதில் இருந்தன. நிலைக்குழுவுக்குப் போனது. குழு அறிக்கையும் கொடுத்தது. அதற்குப் பிறகு? 2024இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் செத்தது. அது கிடப்பில் கிடந்த காலத்தில்தான் குண்டலப்புலியூர் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பிறகும் அவர்களுக்கு அவசரம் வரவில்லை.

ஆகவே நாம் கேட்கிறோம். மத்திய அரசே, அந்த மசோதாவைக் கடுமையான தண்டனையோடு மீண்டும் கொண்டு வா! மாநில அரசே, பதிவு இல்லாத இல்லம் ஒன்றுகூட இயங்க விடாதே! முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வுக்குப் போ! ஆய்வு அறிக்கையை ஊரறிய வெளியிடு! ஆய்வுக் குழுவில் முதியோரின் குடும்பத்தாருக்கும் இடம் கொடு!

பெரியோர்களே, தாய்மார்களே, வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். இந்த மாவட்டத்தில் உள்ள இல்லங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றிலும் கடைசியாக ஆய்வு நடந்த தேதியையும் கேட்டு மனு கொடுக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடாமல் யாரும் போகாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஓர் இல்லத்தில் இருந்தால், இந்த வாரமே, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால், அங்கிருந்தே போலீசை அழையுங்கள்.