மேடு பள்ளம் காட்டும் கோடுகள்

(மாகறலில் உழவர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



எந்த வயலில் நீர் தேங்கும், எந்த மடையில் நீர் ஏறாது என்பதை நீங்கள் வழிவழியாக அறிவீர்கள். ஆயினும் புதிதாக ஒரு வரத்துக் கால்வாய் வெட்டவோ, பண்ணைக் குட்டைக்கு இடம் தேரவோ கிராம சபை கூடும்பொழுது, நம் கையில் இருப்பவை பெரும்பாலும் கிராம வரைபடமும் புலப்படமுமே. அவை எல்லையையும் பரப்பையும் காட்டும், உயரத்தைக் காட்டா. நீரோ புல எண்ணைப் பார்த்து ஓடுவதில்லை. தாழ்வைப் பார்த்தே ஓடுகிறது. கால்வாய் வெட்டி முடித்த பின்னர் நீர் வரவில்லையென்றால் பொதுப் பணமும் வீண், உழைப்பும் வீண்.

உயரத்தைக் காட்டும் படமும் உண்டு. அது 1767ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய நில அளவைத் துறையின் தலப்படமாகும். அத்துறையின் இணையதளம் வழியே அதனைப் பெறலாம். 1:50,000 என்னும் அளவில் அமைந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டரைக் குறிக்கும். அதில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து செல்வனவே சம உயரக் கோடுகள்.

இக்கோடுகள் உங்களுக்குப் புதியன அல்ல. கோடையில் ஏரி வற்றும்பொழுது, நீர் விளிம்பு நின்ற தடங்கள் உட்பரப்பில் வரி வரியாகத் தெரியும். ஒரு தடத்தின் மேல் உள்ள இடமெல்லாம் ஒரே உயரம். அதுவே சம உயரக் கோடு. கோட்டின் மேல் எழுதிய எண், கடல் மட்டத்திலிருந்து அவ்விடம் எத்தனை மீட்டர் உயரம் என்பதைச் சொல்லும்.

இவற்றைப் படிக்க மூன்று செய்திகள் போதும்.

முதலாவது, கோடுகள் நெருங்கினால் செங்குத்தான சரிவு, விலகினால் சமவெளி. செய்யாறு பிறக்கும் சவ்வாது மலையில் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். அவ்வாற்றங்கரையில் உள்ள நம் மாகறல் பக்கம் வெகு தூரம் விலகிச் செல்லும்.

இரண்டாவது, கோடு மேட்டுப் பக்கம் நோக்கி உள்வாங்கினால் அங்கே ஓடை அல்லது பள்ளம்; தாழ்ந்த பக்கம் நோக்கிப் பிதுங்கினால் அது மேட்டு முகடு. நீர், கோட்டுக்குச் செங்குத்தாகவே இறங்கும். முன்னோர் தாழ்ந்த பக்கத்தில் கரை எழுப்பி, அதன் இரு முனைகளையும் மேட்டை நோக்கி வளைத்து ஏரி அமைத்த நுட்பம் இதனால் விளங்கும்.

மூன்றாவது, சரிவின் கணக்கு. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர் என்றும், படத்தில் அவை 8 சென்டிமீட்டர் விலகியுள்ளன என்றும் கொள்வோம். தரையில் அது 4,000 மீட்டர். எனவே 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் நிலம் தாழ்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமவெளியில் இரு கோடுகளுக்கு நடுவே ஓர் ஊர் முழுவதுமே அடங்கிவிடக்கூடும். ஆதலால் நீர் எப்பக்கமிருந்து வருகிறது, நீர்ப்பிடிப்பு எது என்பதை மட்டுமே இப்படத்தால் துணியலாம். கால்வாயின் அடிமட்டத்தைத் துணிய, பொறியாளரைக் கொண்டு நேரில் மட்டம் பார்ப்பதே முறை.

ஆனால் வயலில் வரப்பிட நீங்களே மட்டம் பார்க்கலாம். கொத்தனார் கையாளும் நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரம் இரு முனைகளிலும் ஒன்றாக வரும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே சென்றால், அம்முளைகளை இணைப்பது உங்கள் நிலத்தின் சம உயரக் கோடு. சரிவான மானாவாரி நிலத்தில் அதன் வழியே வரப்பிட்டால் மழைநீர் நின்று ஊறும். மேல்மண் அரித்துச் செல்லாது.

அருகேயுள்ள உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்ததைக் கூறுகின்றன. ஏரியைப் பேணுவது ஊர்ச் சபையின் கடமை என்பது இம்மண்ணின் பழைய வழக்கம். அக்கடமையை ஏற்றிருக்கும் நீங்கள், அடுத்த கிராம சபையில் தலப்படத்தை விரித்து வையுங்கள். கால்வாய்க்குத் தீர்மானம் எழுதும் முன்னர், நீர் வரும் வழியைப் படத்தில் விரலால் தொடர்ந்து, பின்னர் அதே வழியில் காலால் நடந்து பாருங்கள். படமும் உங்கள் அனுபவமும் ஒத்துச் சொல்லும் இடத்தில் மண்வெட்டியை வைக்கலாம். முரண்பட்டால், மட்டம் பார்க்கும் வரை பொறுத்திருங்கள்.