வாகனத்தைப் பாதுகாப்பாக நிறுத்துதல்: பிரேக்கும் இடைவெளியும்



கிரீன்கேட் ஸ்ட்ரீட், பிரின்ஸ் ரீஜண்ட் லேன் போன்ற வீதிகளில், நிறுத்தப்பட்ட வாகனங்களுக்கு இடையிலிருந்து ஒரு குழந்தை திடீரெனச் சாலையில் இறங்கக்கூடும். அந்நொடியில் ஓட்டுநருக்குத் துணைநிற்பவை இரண்டு: நல்ல பிரேக், போதிய இடைவெளி.

பிரேக்கை மிதிக்கும்போது, குழாய்களிலுள்ள திரவம் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கு எழும் உராய்வு சக்கரங்களின் சுழற்சியைக் குறைக்கிறது. ஆயினும் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பே. சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால் வண்டி வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் அது திரும்பாது.

இதைத் தடுப்பதே ஏ.பி.எஸ். அமைப்பின் பணி. சக்கரம் இறுகப்போவதை உணர்ந்ததும், அது பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி மீண்டும் கூட்டுகிறது. அப்போது மிதி காலடியில் அதிரும். அது பழுதன்று. அஞ்சிக் காலை எடுக்காமல், உறுதியாக மிதித்தபடியே வண்டியைத் திருப்பி விலக வேண்டும்.

எனினும், ஏ.பி.எஸ். இருப்பதால் வேகமாகச் செல்லலாம் என எண்ணுதல் தவறு. ஹைவே கோட் விதிநூலின்படி, மணிக்கு 20 மைல் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்கும்வரை 6 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 6 மீட்டரும் சென்று, 12 மீட்டரில் நிற்கும். 30 மைல் வேகத்தில் இது 9 மீட்டரும் 14 மீட்டருமாக, மொத்தம் 23 மீட்டர். எனவே 20 மைலில் வந்த கார் நின்றுவிடும் அதே இடத்தை, 30 மைலில் வந்த கார் இன்னும் 25 மைலுக்கு மேற்பட்ட வேகத்துடன் கடக்கும். ஒரு குழந்தையின் உயிர் இவ்வேறுபாட்டில் தங்கியுள்ளது.

ஈரச் சாலையில் முன்செல்லும் வாகனத்துடனான இடைவெளியை இரு மடங்காவது ஆக்குதல் வேண்டும்; பனி உறைந்த சாலையில் பத்து மடங்குவரை தேவைப்படலாம்.

மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமாகும். ஆனால் அச்சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, பிரேக் பிடிக்கையில் உரசும் ஓசை எழுந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, எச்சரிக்கை விளக்கு அணையாதிருந்தாலோ, அடுத்த சோதனைவரை காத்திராமல் உடனே பழுதுபார்ப்பவரிடம் காட்டுதல் வேண்டும். டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி குற்றமாகும்.

வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு ஓட்டுவோருக்கே பிரேக் முழுமையாகப் பயன்படும்.