காற்றும் நீரும் பார்த்து வீடு வாங்குங்கள்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஃபெங் ஷுய் என்றதும் சிரிக்கும் புத்தர் பொம்மையும் வாசலில் தொங்கும் மணியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சீனச் சொற்களுக்குப் பொருள் காற்று, நீர் என்பதுதான். தேவனாம்பட்டினத்தில் மனை பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவையும் அவைதான்.

பின்னால் மேடு, முன்னால் நீர் இருக்கும் இடம் நல்லது என்கிறது அந்த முறை. நமக்கு மலை கிடையாது. கிழக்கே கடல், பக்கத்திலேயே கெடிலம் முகத்துவாரம். கிழக்குப் பார்த்த மனை என்றால் உடனே முன்பணம் கொடுத்துவிடுகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்ததும் அந்தக் கிழக்கிலிருந்துதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் காற்று என்ன செய்தது, 2015 மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்பதையெல்லாம் திசைகாட்டி சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்.

வாஸ்துவை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையும் தென்கிழக்கில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வீடு பார்க்கிறவர்கள் கனமழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். சாலையைவிட மனை தாழ்வா? சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா? கடல் ஏற்றத்தில் நீர் தொடும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் இருந்தால் அனுமதிக் கடிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுக்குமாடி என்றால், மின்மீட்டர் பலகையும் ஜெனரேட்டரும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று கீழ்த்தளத்தில் நின்று பாருங்கள்.