காக்டெயில் கிளி வாங்கும் முன்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



"பிள்ளைங்க காக்டெயில் கிளி கேக்குது, வாங்கலாமா?"ன்னு சிலர் கேட்டீங்க. வாங்கலாம். இது ஆஸ்திரேலியப் பறவை. கூண்டிலேயே குஞ்சு பொரித்து விற்கிறாங்க. ஆனால் நம்ம ஊர் மரப்பொந்தில் உள்ள பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யார் கொண்டு வந்தாலும் வாங்காதீங்க.

காக்டெயில் 15 முதல் 20 வருஷம் இருக்கும். பிள்ளை கல்யாணமாகிப் போன பிறகும் அதைப் பார்த்துக்கப்போறது நாமதான்.

கூண்டை அடுப்படியில் வைக்காதீங்க. விறகுப் புகை ஆகாது. ஒட்டாத தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் ஆவி அதைக் கொன்றுவிடும். தினை மட்டும் போதாது. கீரை, கேரட்டும் கொடுங்க. சாக்லேட் கூடாது. ராத்திரி 10 மணி நேரமாவது இருட்டில் தூங்கணும். கூண்டைச் சுத்தம் செய்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க.

தனியாக விட்டால் ஏங்கிப்போகும். தினமும் அதோடு பேசிப் பழக வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்க.

"ஜோடி வாங்கினா லாபம்"னு கடைக்காரர் சொல்வார். குஞ்சை யார் வாங்குவாங்க, என்ன விலைக்குன்னு முதலில் விசாரிங்க. அப்புறமா குழுவில் கடன் கேளுங்க.