கணிப்பொறி வரைபடங்களில் பழைய பிரதியைக் காத்தலும் அதற்குத் திரும்புதலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் என்னைப் பேசும்படி காரியதரிசியவர்கள் பணித்தபோது, யான் பேசத்தக்க விஷயம் யாதென்று சில நாள் யோசித்தேன். கற்றோர் பலர் நின்று பேசிய இம்மேடையில், பட்டறைக்காரனாகிய எனக்குச் சொல்லத் தெரிந்தது என் தொழிலொன்றே. முப்பதாண்டுகளாக யந்திர உறுப்புகளுக்குப் படம் வரைந்து ஜீவனம் செய்து வருகிறேன். நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் இப்போது பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் பயின்று, கணிப்பொறியில் படம் வரையும் வேலைக்கே செல்லுகின்றனர். ஆதலால் அவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர்களுக்கும் இவ்விஷயம் சிறிதேனும் பிரயோஜனப்படுமென்று நம்புகிறேன். பிறிதொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

யான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் படமென்பது பலகையின்மீது விரித்த டிரேசிங் காகிதத்தில் மையினால் எழுதப்பட்டது. தவறு நேர்ந்தால் பிளேடினால் மெல்லச் சுரண்டி மீண்டும் எழுதுவோம். அந்த மூலப்படத்திலிருந்து அம்மோனியா ஆவியின் உதவியால் நகல் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவோம். அறையெங்கும் அந்நெடி கண்ணைக் கரிக்கும். மூலையிலுள்ள கட்டத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏ, பி, சி என ஓர் எழுத்தும், தேதியும், திருத்தியவர் கையொப்பமும் இருத்தல் வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறையில் ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் என்னும் ஆறெழுத்துக்களைத் திருத்தக் குறியாக வழங்குவதில்லை. ஐ என்பது ஒன்றாகவும் ஓ என்பது பூஜ்யமாகவும் பட்டறை வெளிச்சத்தில் மயங்கித் தோன்றுமன்றோ? ஒரே ஓர் எழுத்து மயங்கினாலும் தவறான படத்தின்படி இரும்பு வெட்டப்பட்டுவிடும் என்ற அச்சம் முன்னோர்களுக்கு அவ்வளவு இருந்தது.

புதிய நகல் வந்தவுடன் பழைய நகலைப் பட்டறையிலிருந்து திரும்பப் பெற்றுக் கிழித்துவிடுவது வழக்கம். ஆயினும் பேட்டர்ன் செய்யும் தச்சரின் மேஜையறையில் ஒரு பழைய நகல் எப்போதும் ஒளிந்திருக்கும். அது எல்லாப் பட்டறைக்கும் பொது.

கணிப்பொறியில் படம் வரைதல் 1963இல் ஐவன் சதர்லாந்து என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்கெட்ச்பேட் என்ற ஏற்பாட்டைச் செய்து காட்டியதிலிருந்து பேசப்படுவது. ஆனால் நம்போன்ற சிறு தொழிலாளர் கைக்கு அது எட்டியது 1982 டிசம்பரில் ஆட்டோகேட் வெளிவந்த பின்னரே. சுரண்டும் பிளேடு போயிற்று. அதன் இடத்தில் ‘அண்டூ’ என்னும் கட்டளை வந்தது. வரைந்த கோட்டை இல்லையென்று ஆக்கிவிடலாம். பத்துப் படி, நூறு படி பின்னே செல்லலாம். இடையில் ஒரு குறி நாட்டிவைத்து, வேண்டும்போது அக்குறிவரை ஒரே தாவாகத் திரும்பவும் செய்யலாம். இதனைக் கண்ட என் போன்றோர், இனித் தவறு என்பதே இல்லை என்று எண்ணிவிட்டோம். அங்கேதான் மோசம் போனோம்.

அண்டூ என்பது கோப்பு திறந்திருக்கும் வரையில்தான். மூடிவிட்டால் அந்த ஞாபகம் முழுதும் அழிந்துபோம். மறுநாட் காலையில் திறக்கும்போது கணிப்பொறிக்கு நேற்று நடந்தது எதுவும் தெரியாது. சேமிக்குந்தோறும் முந்தைய கோப்பினை ‘பேக்’ என்ற வாலுள்ள பெயரில் ஆட்டோகேட் ஒதுக்கி வைக்கும் என்பது உண்மையே. அதன் வாலை மாற்றினால் படமாகத் திறந்துகொள்ளலாம். ஆனால் அது ஒரு படி மட்டுமே பின்னிற்பது. தவறு செய்தபின் இருமுறை சேமித்துவிட்டால் அதிலும் அத்தவறே குடிகொள்ளும். பத்து நிமிஷத்துக்கொருமுறை தானே சேமிக்கும் ஏற்பாடும் உண்டு. அது மின்சாரம் போனால் காப்பாற்றவே அன்றிப் புத்தி போனால் காப்பாற்ற அன்று.

ஆகவே நாங்கள் என்ன செய்தோமெனில், ‘பம்ப் பைனல்’, ‘பம்ப் பைனல் இரண்டு’, ‘பம்ப் புது பைனல்’, ‘பம்ப் கடைசி பைனல்’ என்று கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்கினோம். இளைஞர்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் கணிப்பொறியிலும் அவ்வாறே இருக்குமென்று எனக்குத் தெரியும்.

இனி, யான் பின்னர்ச் சொல்லுவேன் என்ற காரணத்துக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டில் ஒரு தொழிற்சாலையில் படப் பிரிவுக்கு யான் பொறுப்பாக இருந்தேன். நம் சமூகத்துப் பிள்ளையொருவன் என்கீழ்ப் பயிற்சியில் இருந்தான். பம்பின் வெளிவாயிலுள்ள விளிம்பில் நான்கு துளையிட்டுப் படம் தந்திருந்தோம். வாங்குவோர் எட்டுத் துளை வேண்டுமென்றனர், மாற்றினோம். அந்த எட்டுத் துளைப் படம் நடப்பில் இருந்தபோதே, முதல் வார்ப்பில் நீர் கசிந்தபடியால், கழுத்துப் பகுதியின் சுவரைச் சிறிது தடிப்பாக்கியும் திருத்தினோம். இரண்டு வாரம் கழித்து வாங்குவோர், “பழையபடி நான்கு துளையே போதும்” என்று எழுதினர். படம் திருத்தப்பட்டுப் பேட்டர்னுக்குப் போயிற்று. வார்ப்புகள் வந்தன. நீரழுத்தச் சோதனையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கசிந்தன. அளந்து பார்த்தால், கழுத்துச் சுவர் பழையபடி மெலிந்தே இருந்தது.

கோப்பினைப் பேட்டர்ன் பட்டறைக்கு அனுப்பியவன் அப்பிள்ளை. பழைய கோப்பை எடுத்து அனுப்பிவிட்டான் என்று யான் எல்லோர் எதிரிலும் சொன்னேன். அவன், “ஐயா, நீங்கள் கொடுத்த கோப்பைத்தான் அனுப்பினேன்” என்று ஒரே ஒரு முறை சொன்னான். அதற்குமேல் சொல்ல அவனுக்கு வயதுமில்லை, இடமுமில்லை. அம்மாதமே அவன் பயிற்சி நிறுத்தப்பட்டது.

ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் வேறொரு காரியமாக அதே கோப்பைத் திறந்தேன். ஆட்டோகேட்டில் படத்தின் விவரங்களைக் காட்டும் ஒரு பக்கம் உண்டு. படம் என்று உண்டாயிற்று, என்று திருத்தப்பட்டது, கடைசியாகச் சேமித்தவர் யார் என்பன அங்கே எழுதப்பட்டிருக்கும். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதன் பின்னரே எனக்கு ஞாபகம் வந்தது. நான்கு துளைக்குத் திரும்புவது எளிதென்று எண்ணி, யானே பழைய நான்கு துளைக் கோப்பைத் திறந்து, புதிய கோப்பின் பெயரிலேயே அதனைச் சேமித்தேன். துளைகள் திரும்பின, கூடவே மெலிந்த சுவரும் திரும்பிற்று. இடையில் செய்த நல்ல திருத்தம் சுவடின்றி அழிந்தது.

அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்று அவன் தகப்பனாரிடம் உண்மையைச் சொன்னேன். தொழிற்சாலை முதலாளிக்கும் எழுதிக் கொடுத்தேன். அவன் இப்போது வேறோர் ஊரில் நல்ல நிலையில் இருக்கிறான். இதனை இங்கே சொல்ல அவனிடம் அனுமதி பெற்றேன். பெயர் மட்டும் வேண்டாமென்றான். எல்லோர் எதிரிலும் சொன்ன பழியை எல்லோர் எதிரிலும் எடுக்கவேண்டுமாதலால் இம்மேடையைக் கேட்டேன்.

விஷயத்துக்குத் திரும்புகிறேன். திரும்புதல் என்பது இருவகை. ஒன்று, முழுப் படத்தையும் ஒரு பழைய நாளுக்குக் கொண்டுசெல்வது. மற்றொன்று, ஒரு திருத்தத்தை மட்டும் நீக்கிப் பிறவற்றை நிறுத்திக்கொள்வது. யான் இரண்டாவதைச் செய்யவேண்டிய இடத்தில் முதலாவதைச் செய்தேன். இவ்வித்தியாசத்தை அறியாதவன் எத்தனை உயர்ந்த மென்பொருள் வைத்திருந்தும் பயனில்லை.

1980களின் இறுதியில் வந்த ப்ரோ-இஞ்சினியரும் 1995இல் வந்த சாலிட்வொர்க்ஸும் இதில் ஒரு பெரிய மாறுதலைச் செய்தன. இவற்றில் உறுப்பு என்பது வெறும் கோடுகளின் தொகுதியன்று. முதலில் இக்கட்டியை எழுப்பு, பின் இத்துளையிடு, பின் இம்முனையை மழுக்கு என்னும் கட்டளைகளின் வரிசை. சாலிட்வொர்க்ஸில் அவ்வரிசையின் அடியில் ஒரு கோடு உண்டு. அதனை மேலே இழுத்தால், அதன்கீழுள்ள வேலைகள் மறைந்து, உறுப்பு தன் பிள்ளைப்பருவத்துக்குத் திரும்பும். அங்கே ஒரு திருத்தம் செய்து கோட்டைக் கீழே விட்டால், பின்வந்த வேலைகள் யாவும் அத்திருத்தத்தின்மேல் மீண்டும் தாமே நடைபெறும். ஆனால் எந்த விளிம்பைப் பற்றி நின்றதோ அவ்விளிம்பையே நீக்கிவிட்டால், பற்றுக்கோடிழந்த கட்டளை பிழையென்று நிற்கும். பல உறுப்புகள் பூட்டிய யந்திரத்தில் ஒன்றை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பினாலும் அவ்வாறே பூட்டுக்கள் கழன்றுபோம்.

இப்போது கிரியோ எனப் பெயர்பெற்றுள்ள ப்ரோ-இஞ்சினியர், ஒவ்வொரு சேமிப்புக்கும் பழையதை அழியாது 1, 2, 3 என்று எண்ணிட்டுப் புதுக்கோப்பையே எழுதும். இடம் அடைகிறதென்று ‘பர்ஜ்’ என்ற கட்டளையிட்டால் கடைசி ஒன்றைத் தவிர அனைத்தும் தொலையும். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் அக்கட்டளையை ஒருவரும் இடவேண்டா.

பியூஷன் போன்ற பிற்கால மென்பொருள்களில், சேமிக்கும்போது, “இதில் என்ன மாற்றினாய்?” என்று குறிப்பெழுத ஓரிடம் தரப்பட்டிருக்கிறது. பழைய பிரதியொன்றை நடப்பாக்கினால், இடைப்பட்டவை அழிவதில்லை. அப்பழையது புதிய எண்ணோடு வரிசையின் தலையில் வந்து நிற்கும். வியாபாரக் குடும்பங்களில் இது தெரிந்த முறையே. கணக்கில் தவறிய வரியை அழித்தெழுத மாட்டோம். அதற்கு எதிர்ப் பதிவு ஒன்றைப் போட்டுச் சரிசெய்வோம். 2015இல் பொதுவுபயோகத்துக்கு வந்த ஆன்ஷேப் இன்னும் ஒரு படி சென்று, சேமி என்ற பொத்தானே இல்லாமல், ஒவ்வோர் அசைவையும் தானே பதிந்து வைக்கிறது; ஒரே படத்தில் இரு கிளை பிரித்து வேலை செய்து, பின் இணைக்கவும் வழியுண்டு. ஆனால் அதன் இலவசக் கணக்கில் வரைபவை உலகோர் பார்வைக்குரியன என்பதை நினைவிற்கொள்க. காசின்றிப் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. எத்தனை பழைய பிரதிகளை வைத்துக்கொள்வதென்று அதில் நாமே குறிக்கலாம்.

இவையெல்லாம் சிறு பட்டறையின் கவலை என்று எண்ணற்க. ஏர்பஸ் நிறுவனத்தார் ஏ380 என்னும் பெரிய விமானத்தைச் செய்தபோது, ஜெர்மானியப் பிரிவினர் காட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரெஞ்சுப் பிரிவினர் ஐந்தாம் பதிப்பையும் உபயோகித்தனர். ஒரு பக்கத்தில் செய்த மாற்றம் மறுபக்கத்தில் செவ்வனே சேரவில்லை. ஹாம்பர்கிலிருந்து வந்த மின்கம்பித் தொகுதிகள் துலூஸில் பொருத்தும்போது எட்டாமல் நின்றன. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் கம்பி! 2006இல் தாமதத்தின்மேல் தாமதம் அறிவிக்கப்பட்டு, முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூருக்குக் கொடுக்கப்பட்டது.

அங்கே நஷ்டம் பணத்தோடு போயிற்று. அமெரிக்காவின் கான்ஸாஸ் நகரத்து ஹயாத் ரீஜென்ஸி விடுதியில் 1981 ஜூலை 17இல் அவ்வாறு போகவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிய இரண்டு நடைபாதைகளை ஒரே நீண்ட கம்பி தாங்குவதாக மூலப்படம் இருந்தது. பொருத்துவதற்கு எளிதென்று அதனை இரண்டு கம்பியாக மாற்றி வரைந்தனர். கீழ்ப்பாதை மேற்பாதையிலிருந்தே தொங்கலாயிற்று. கிணற்றில் விட்ட கயிற்றை இருவரும் தனித்தனியே பற்றித் தொங்குவது ஒன்று. ஒருவன் கயிற்றைப் பற்ற, மற்றவன் அவன் காலைப் பற்றித் தொங்குவது வேறொன்றன்றோ? மேற்பாதையின் இணைப்புக்குச் சுமை இரட்டித்தது. மாறிய படத்தில் ஒப்புதல் முத்திரை விழுந்தது. மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தவர் எவருமிலர். பாதைகள் விழுந்து 114 பேர் மாண்டனர். மூலப்படத்துக்கும் மாற்றிய படத்துக்கும் உள்ள வேற்றுமை காகிதத்தில் ஒரு சிறு கோடே.

ஆகையால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு யான் விதிப்பது இது. பட்டறைக்கு அனுப்பிய படம் எதுவோ அதனைத் திருத்தமுடியாத பிடிஎஃப் பிரதியாக்கித் தேதியோடு தனியே வைக்கவேண்டும். ஒவ்வொரு சேமிப்பிலும் என்ன மாற்றினேன், யார் சொல்லி மாற்றினேன் என்று ஒரு வரி எழுதவேண்டும். தமிழில் எழுதினாலும் சரியே. பழையதற்குத் திரும்புமுன் இடையில் நேர்ந்த திருத்தங்களைக் காகிதத்தில் வரிசையாக எழுதி, எது போகவேண்டும், எது நிற்கவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிக்கவேண்டும். பிரதிகள் வேறொரு கட்டடத்திலும் இருத்தல் வேண்டும். தவறு கண்டால் முதலில் கோப்பின் விவரப் பக்கத்தைத் திறக்கவேண்டும். ஆளைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.

சங்கக் கட்டடத்தின் பின்னறையில் இரண்டு கணிப்பொறிகள் சும்மா இருப்பதாகக் காரியதரிசியவர்கள் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு அங்கே வருவேன். ஃப்ரீகேட் போட்டுவைத்திருக்கிறேன். கட்டணமில்லை. பிள்ளைகள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவரின் போதும். பெண்பிள்ளைகளையும் அனுப்பி வைக்குமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பிள்ளையின் தகப்பனாருக்கு என் வணக்கம்.